படத்தில் இல்லாத மரியா

1947 ஆகஸ்டில் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்த 'கிஸ் ஆஃப் டெத்' ஒரு பெண்ணின் குரலோடு தொடங்குகிறது. நியூயார்க் நகரம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள். கொடுத்துவைத்தவர்களுக்கு இது கொண்டாட்டமான நாள், எல்லோருக்கும் அப்படியில்லை என்று அந்தக் குரல் சொல்கிறது. நிக் பியாங்கோவுக்கு ஒரு வருடமாக வேலை இல்லை. சிறைக்குப் போய்வந்தவன் என்று தெரிந்ததும் எல்லோரும் கதவைச் சாத்திவிடுகிறார்கள். தன் குழந்தைகளுக்குப் பண்டிகைப் பரிசு வாங்குவதற்காக, வானளாவிய கட்டடம் ஒன்றின் மேல்மாடியில் உள்ள நகைக்கடைக்குக் கூட்டாளிகளோடு போகிறான். வாங்குவதற்கல்ல, கொள்ளையடிப்பதற்கு. நகைகளோடு லிஃப்டில் இறங்குகிறார்கள். ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் நிற்கிறது, ஆட்கள் ஏறுகிறார்கள், நிக்கின் முகம் வியர்க்கிறது. அமெரிக்கக் குற்றப்படங்களில் இன்றும் பேசப்படும் தொடக்கக் காட்சிகளில் இது ஒன்று.

இந்தப் படத்தை நான் முதன்முறை பார்த்தபோது லிஃப்டைப் பார்த்தேன், வில்லனின் சிரிப்பைக் கேட்டேன், நாயகன் திருந்துவானா மாட்டானா என்று பதறினேன். நாயகனுக்கு ஒரு மனைவி இருந்தாள், அவள் பெயர் மரியா, அவளுடைய முகத்தைப் படம் ஒருமுறைகூடக் காட்டவில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை. பெண்ணியம் படித்தவள்தான். ஆனாலும் கவனிக்கவில்லை. பிறகுதான் தெரிந்தது, மரியாவாக ஒரு நடிகை நடித்திருக்கிறார். அவர் நடித்த காட்சிகளைப் படமாக்கி, பிறகு வெட்டி எடுத்திருக்கிறார்கள். அந்த வெட்டின் வரலாறுதான் இந்தக் கட்டுரை.

*

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

நிக் (விக்டர் மேச்சூர்) போலீஸின் குண்டு காலில் பட்டுப் பிடிபடுகிறான். அவனுடைய அப்பாவும் போலீஸின் துப்பாக்கியால் செத்தவர்தான். அரசுத் தரப்பின் உதவி வழக்கறிஞர் டாஞ்சலோ ஒரு பேரத்தோடு வருகிறார்: கூட்டாளிகளின் பெயரைச் சொல், மனைவியிடமும் இரண்டு பெண் குழந்தைகளிடமும் சீக்கிரம் போய்ச் சேரலாம். நிக் மறுக்கிறான். காட்டிக்கொடுப்பது அவனுடைய உலகத்தில் மிகப் பெரிய இழிவு. குடும்பத்தைக் கூட்டாளிகள் பார்த்துக்கொள்வார்கள் என்று அவனுடைய வக்கீல் உறுதி சொல்கிறார். நம்பிச் சிறைக்குப் போகிறான்.

சிங் சிங் சிறையில் இருக்கும்போது, மனைவி தற்கொலை செய்துகொண்டாள், குழந்தைகள் அனாதை இல்லத்துக்குப் போய்விட்டார்கள் என்று தெரியவருகிறது. முன்பு அந்தக் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டிருந்த நெட்டி என்ற இளம்பெண் (கொலீன் கிரே) சிறைக்கு வந்து அவனைப் பார்க்கிறாள். கூட்டாளிகளில் ஒருவனான ரிஸ்ஸோவுக்கும் மரியாவின் முடிவில் பங்குண்டு என்று அவள் பேச்சிலிருந்து ஊகிக்க முடிகிறது. நிக் மனம் மாறி டாஞ்சலோவிடம் பேசுகிறான். ரிஸ்ஸோதான் காட்டிக்கொடுத்தான் என்று கும்பல் நம்பும்படி ஒரு தந்திரம் செய்கிறார்கள். ரிஸ்ஸோவைக் கொல்ல டாமி யூடோ (ரிச்சர்ட் விட்மார்க்) என்ற கொலைகாரன் அனுப்பப்படுகிறான். நிக் பரோலில் வெளியே வருகிறான், நெட்டியை மணந்துகொள்கிறான், குழந்தைகளோடு வேறு பெயரில் புது வாழ்க்கை தொடங்குகிறான். ஆனால் யூடோவுக்கு எதிராகச் சாட்சி சொல்லவேண்டி வருகிறது. யூடோ விடுதலையாகிறான். கடைசியில் நிக் தன் உடம்பையே தூண்டிலாக்கி, யூடோவைத் தன்மீது சுடவைத்து, போலீஸிடம் சிக்கவைக்கிறான்.

இயக்கியவர் ஹென்றி ஹாத்தவே. திரைக்கதை பென் ஹெக்ட், சார்லஸ் லெடரர். மூலக்கதையை எழுதிய எலியாசர் லிப்ஸ்கி நியூயார்க்கில் அரசுத் தரப்பு வழக்கறிஞராக வேலை பார்த்தவர். காட்சிகள் எல்லாம் கதை நடக்கும் உண்மையான இடங்களிலேயே எடுக்கப்பட்டவை என்று படம் தொடக்கத்திலேயே பெருமையோடு அறிவிக்கிறது. நிஜமான நீதிமன்றம், நிஜமான சிறை, நிஜமான தெரு. நிஜத்தின்மீது இவ்வளவு அக்கறை கொண்ட படத்தில்தான் மரியாவின் நிஜத்துக்கு இடமில்லாமல் போனது.

*

மரியாவாக நடித்தவர் பட்ரீசியா மோரிசன். எழுதப்பட்ட கதையில், கணவன் சிறையில் இருக்கும்போது அவளைப் பார்த்துக்கொள்ளவேண்டிய கூட்டாளியே அவளைப் பாலியல் வல்லுறவு செய்கிறான். அதன்பிறகு அவள் தன் வீட்டுச் சமையலறையில் உயிரை மாய்த்துக்கொள்கிறாள். திரைக்கு வருமுன் இரண்டு காட்சிகளும் தணிக்கையாளர்களின் வற்புறுத்தலால் நீக்கப்பட்டன. அதோடு மோரிசனும் படத்திலிருந்து முழுவதுமாக மறைந்துபோனார்.

அன்றைய ஹாலிவுட்டின் தணிக்கை அரசாங்கம் நடத்தியதல்ல. ஸ்டுடியோக்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு அது. கத்தோலிக்கப் பாதிரியார் டேனியல் லார்டும் பத்திரிகை வெளியீட்டாளர் மார்ட்டின் குவிக்லியும் சேர்ந்து உருவாக்கிய தயாரிப்பு விதிகளை 1930இல் ஏற்றுக்கொண்டார்கள். 1934 முதல் ஜோசப் பிரீன் தலைமையில் ஓர் அலுவலகம் அவற்றைக் கறாராக நடைமுறைப்படுத்தியது. அதன் முத்திரை இல்லாமல் ஒரு படத்தை வெளியிட்டால் 25,000 டாலர் அபராதம். திரைக்கதையே முதலில் அங்கே போகவேண்டும்.

வல்லுறவைப் பற்றி அந்த விதிகள் சொன்னது இது: கதைக்குத் தவிர்க்க முடியாதபோது மட்டும், அதுவும் குறிப்பாக உணர்த்தலாம், அதற்குமேல் கூடாது. தற்கொலையைப் பிரச்சினைக்குத் தீர்வாகக் காட்டுவதை ஊக்குவிக்கக் கூடாது என்றும் பின்னர் சேர்த்தார்கள்.

இந்த விதிகளை முழுக்கக் குறைசொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. பெண் உடல்மீது நிகழும் வன்முறையைக் கேமரா நிதானமாக ரசிப்பதை நாம் எத்தனையோ படங்களில் பார்த்துக் கசந்திருக்கிறோம். மரியாவின் காட்சி அப்படி எடுக்கப்பட்டிருந்தால் அது போனதே நல்லது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் காட்சியோடு எதெல்லாம் சேர்ந்து போயிற்று என்பதையும் பார்க்கவேண்டும்.

முதலில் போனது, நடந்தது வன்முறை என்கிற உண்மை. படத்தில் இப்போது மிஞ்சியிருப்பது தெளிவில்லாத ஒரு ஜாடைப் பேச்சு மட்டுமே. பார்ப்பவர்கள் அதை எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். ரிஸ்ஸோ அவளைத் துன்புறுத்தினான் என்றும் நினைக்கலாம். கணவன் உள்ளே இருக்கும்போது அவள் இன்னொருவனோடு பழகினாள், பிறகு குற்ற உணர்வில் செத்தாள் என்றும் நினைக்கலாம். இரண்டாவதாக நினைக்கத்தான் ஊர் எப்போதும் தயாராக இருக்கிறது. ஒழுக்கத்தைக் காப்பாற்ற வந்த தணிக்கை, பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணைச் சந்தேகத்துக்குரியவளாக மாற்றிவிட்டுப் போனது.

இரண்டாவதாகப் போனது காலம். நிக் சிறைக்குப் போன நாளுக்கும் அவள் இறந்த நாளுக்கும் நடுவே மரியா எப்படி வாழ்ந்தாள்? வாடகையை யார் கொடுத்தார்கள்? கூட்டாளிகள் தருவதாகச் சொன்ன பணம் வந்ததா? அதைக் கேட்டு அவள் யார் வாசலில் நின்றாள்? சிறைக்குப் போனவனின் குடும்பம் என்று பக்கத்து வீட்டார் என்ன பேசினார்கள்? நிக்கின் 'வேலை இல்லாத ஒரு வருடம்' படத்தின் முதல் நிமிடத்திலேயே நமக்குச் சொல்லப்படுகிறது. அதைக் கேட்டு நாம் அவன்மீது இரக்கப்படுகிறோம். மரியா தனியாகக் கழித்த நாட்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

*

அதே படத்தில் வெட்டப்படாமல் வந்த ஒரு காட்சி இருக்கிறது. யூடோ ரிஸ்ஸோவைத் தேடி அவன் வீட்டுக்குப் போகிறான். ரிஸ்ஸோ ஓடிவிட்டான். வீட்டில் இருப்பவள் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் அவனுடைய வயதான அம்மா. மகன் எங்கே என்ற கேள்விக்கு அவள் சொல்லும் பதில் யூடோவுக்குத் திருப்தியளிக்கவில்லை. மின்விளக்கின் வயரைப் பிடுங்கி அவளை நாற்காலியோடு கட்டுகிறான், மாடிப்படியின் உச்சிக்குத் தள்ளிக்கொண்டு போகிறான், உருட்டிவிடுகிறான். சிரிக்கிறான்.

இந்தக் காட்சிதான் படத்தைப் புகழ்பெறச் செய்தது. விட்மார்க்குக்கு இது முதல் படம். ஆஸ்காருக்குப் பரிந்துரைக்கப்பட்டார். அந்தக் கொக்கரிப்புச் சிரிப்பு அவரை வாழ்நாள் முழுவதும் தொடர்ந்தது. வன்முறையை வெறுத்தவர், துப்பாக்கிக் கட்டுப்பாட்டை ஆதரித்தவர் அவர் என்பது வேறு கதை. அந்த அம்மாவாக நடித்த மில்ட்ரெட் டன்னாக்கின் பெயரை எத்தனை பேர் நினைவு வைத்திருக்கிறார்கள்? இரண்டே ஆண்டுகளில் ஆர்தர் மில்லரின் 'டெத் ஆஃப் எ சேல்ஸ்மேன்' நாடகத்தில், தோற்றுப்போன கணவனைத் தாங்கிப் பிடிக்கும் லிண்டாவாக மேடையேறியவர் அவர்.

ஒரு கிழவியைக் கட்டிப்போட்டு உருட்டிக் கொல்வதைக் காட்டலாம், ஒரு மனைவிக்கு நேர்ந்த கொடுமையைப் பேச்சில்கூடத் தெளிவாகச் சொல்லக் கூடாது. இந்த வேறுபாடு எப்படி வந்தது? கிழவியின் மரணம் வில்லன் எவ்வளவு கெட்டவன் என்று காட்டப் பயன்பட்டது. கதை அதற்குமேல் அவளைப் பற்றிக் கேட்கவில்லை. மரியாவின் துன்பத்தை அப்படி ஒரு நொடியில் முடித்துவிட முடியாது. அது திருமணம், வீடு, படுக்கை, சமையலறை என்று குடும்பத்துக்குள்ளே போகிறது. அதைக் காட்டினால் கணவனும் கேள்விக்கு உள்ளாவான்.

கிழவியின் சாவுக்குப் பின்னால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. யூடோ அந்த வீட்டுக்குப் போகக் காரணம், நிக்கும் டாஞ்சலோவும் செய்த தந்திரம். ரிஸ்ஸோ செய்யாத காட்டிக்கொடுத்தலை அவன்மீது போட்டார்கள். கும்பல் என்ன செய்யும் என்று இருவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது. நாயகன் திருந்தி வெளியே வருவதற்கு ஒரு பெண் முன்பே செத்துவிட்டாள். அவன் திருந்தும் வழியில் இன்னொரு பெண் செத்தாள்.

*

திருந்தி வாழ நினைக்கும் முன்னாள் கைதி அமெரிக்கக் குற்றப்படங்களுக்குப் பிரியமான நாயகன். சமூகம் அவனை விடுவதில்லை, பழைய கூட்டாளிகளும் விடுவதில்லை, சட்டமும் விடுவதில்லை. இது பொய்யான கதை அல்ல. பரோல் என்பது பாதி விடுதலைதான். கைதிகளின் மறுவாழ்வைப் பற்றிப் பேசும் எந்தப் படமும் நம் அக்கறைக்கு உரியதே. என் கேள்வி, அவன் திருந்துவதற்கான செலவை யார் ஏற்கிறார்கள் என்பது.

'கிஸ் ஆஃப் டெத்'தில் டாஞ்சலோ நல்ல மனிதர். ஆனால் அவர் பேரம் பேசும் ஒவ்வொரு முறையும் மேசைமேல் வைக்கப்படுவது குழந்தைகள்தான். அரசு நிக்கை அப்பாவாகப் பார்க்கிறது, அதனால் அவனுக்கு மதிப்பு இருக்கிறது, அவனிடம் தகவல் இருக்கிறது. மரியாவிடம் கொடுக்க எந்தத் தகவலும் இல்லை. அதனால் அவள் உயிரோடு இருந்தபோது அந்த அலுவலகத்திலிருந்து யாரும் அவள் வீட்டுக் கதவைத் தட்டியதாகப் படம் காட்டவில்லை. அவள் செத்த பிறகுதான் அவளால் சட்டத்துக்குப் பயன் வருகிறது, அவளுடைய மரணம் நிக்கின் வாயைத் திறக்கிறது.

1947 என்ற ஆண்டையும் நினைவில் வைக்கவேண்டும். போர் முடிந்து இரண்டு ஆண்டுகள். போர்க்காலத்தில் தொழிற்சாலைகளுக்குப் போன பெண்களில் ஏராளமானவர்கள், ஆண்கள் திரும்பி வந்ததும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். வீடுதான் பெண்ணுக்குப் பாதுகாப்பு என்று ஒரு நாடே பேசிக்கொண்டிருந்தபோது, வீட்டுக்குள்ளேயே ஒரு பெண் அழிக்கப்பட்டதைக் காட்டும் காட்சிகள் தணிக்கையைத் தாண்டவில்லை.

*

நெட்டிக்கு வருவோம். படத்தைத் தொடங்கிவைக்கும் குரல் அவளுடையது. குற்றப்படங்களில் பெரும்பாலும் ஆண்களே கதைசொல்லிகளாக இருந்த காலத்தில் இது கவனிக்கத்தக்கது. நிக்கின் வறுமையை, அவன் அப்பாவின் சாவை அவள்தான் நமக்குச் சொல்கிறாள். இறுதியில் குண்டடிபட்டுக் கிடக்கும் நிக் பிழைத்தான் என்பதும் அவள் குரலிலிருந்துதான் தெரிகிறது. தான் விரும்பியது கிடைத்தது என்று அவள் நிறைவோடு முடிக்கிறாள்.

எல்லாவற்றையும் அறிந்த இந்தப் பெண்குரல் ஒருத்தியின் கதையை மட்டும் சொல்வதில்லை. மரியாவின் குழந்தைகளைக் கவனித்தவள் நெட்டி. அந்த வீட்டுக்குள் போய்வந்தவள். மரியாவுக்கு நடந்ததற்குச் சாட்சி என்று யாராவது இருந்தால் அது அவள்தான். ஆனால் படத்தில் அவளுக்குக் கொடுக்கப்பட்ட வேலை சாட்சி சொல்வதல்ல, காலியான இடத்தை நிரப்புவது. மரியாவின் கணவன், மரியாவின் குழந்தைகள், மரியா இல்லாத புது வீடு. நெட்டிமேல் எனக்குக் கோபமில்லை. கொலீன் கிரேயின் முகத்தில் உண்மையான அன்பு இருக்கிறது. ஒரு பெண்ணின் மகிழ்ச்சியான முடிவுக்காக இன்னொரு பெண்ணை மறக்கச்செய்யும் கதையமைப்பின்மேல்தான் என் கோபம். நல்லவளாகக் காத்திருக்கும் இந்தப் பாத்திரம் கிரேயை விட்டு எளிதில் போகவும் இல்லை. 1956இல் ஸ்டான்லி குப்ரிக்கின் 'தி கில்லிங்' படத்திலும் சிறையிலிருந்து வெளியே வந்தவனுக்காகக் காத்திருந்த காதலியாகவே வந்தார்.

*

அன்றைய விதிகள் அப்படி, இயக்குநரால் என்ன செய்ய முடியும் என்று கேட்கலாம். அதே விதிகளின் கீழ் ஒரு பெண் என்ன செய்தார் என்று பார்ப்போம்.

ஐடா லுப்பினோ, 1941இல் வந்த 'ஹை சியெரா'வில் நடித்தவர். சிறையிலிருந்து வெளியே வந்த ஒரு கொள்ளைக்காரனின் கதை அதுவும். படத்தின் பெயர்ப்பட்டியலில் ஹம்ஃப்ரி போகார்ட்டுக்கு முன்னால் வருவது லுப்பினோவின் பெயர். நாயகன் செத்துக் கிடக்கும்போது அழுகிற பெண்ணாக அவர் நடித்திருந்தார். பின்னர் சொந்தமாகப் படநிறுவனம் தொடங்கி, இயக்குநரானார். அன்றைய ஹாலிவுட்டில் படம் இயக்கிய மிகச் சில பெண்களில் ஒருவர்.

1950இல் அவர் 'அவுட்ரேஜ்' என்ற படத்தை எடுத்தார். வேலை முடிந்து இரவில் தனியாக வீடு திரும்பும் ஓர் இளம்பெண் வல்லுறவுக்கு ஆளாகிறாள். அந்தச் சொல் படத்தில் எங்கும் உச்சரிக்கப்படவில்லை. வன்முறை திரையில் காட்டப்படவில்லை. அவளைத் துரத்தும் நீண்ட காட்சியின் முடிவில் கேமரா மேலே ஏறுகிறது; யாரோ ஒருவர் ஜன்னலருகே வந்து, பிறகு அதைச் சாத்திவிடுகிறார். அவ்வளவுதான். மீதிப் படம் முழுவதும் அதன்பிறகான வாழ்க்கை. அவள் திரும்ப அலுவலகம் போகும்போது சுற்றியிருப்பவர்களின் பார்வை, ரப்பர் ஸ்டாம்ப் குத்தும் சத்தம்கூடத் தாங்கமுடியாமல் போவது, ஊரைவிட்டே ஓடுவது, அவளுடைய பயம், அவளுடைய ஆத்திரம்.

ஆகவே தணிக்கை விதிகள் காட்சியைத் தடுத்தன, அனுபவத்தைத் தடுக்கவில்லை. நடந்தது எது என்று தெளிவாக உணர்த்திவிட்டு, அந்தப் பெண்ணோடு கூடவே நடக்க வழி இருந்தது. அதற்கு அவள்தான் கதையின் மையம் என்று ஒருவர் நினைக்கவேண்டும். மரியாவை வெட்டிய பிறகும் படம் குலையாமல் நின்றதற்குக் காரணம், வெட்டுவதற்கு முன்பும் அது அவளுடைய கதையாக இல்லை. அவள் நாயகனுக்கு ஒரு காரணமாக மட்டுமே இருந்தாள். காரணத்தைச் சொல்ல இரண்டு வரி வசனம் போதும்.

1995இல் பார்பெட் ஷ்ரோடர் இதே படத்தைத் திரும்ப எடுத்தபோது அந்த விதிகள் ஒழிந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியிருந்தது. இந்தமுறை மனைவிக்கு முகம் கிடைத்தது. ஹெலன் ஹன்ட் நடித்தார். கணவன் சிறைக்குப் போனதும் அவளும் ஓர் ஆணின் பிடியில் சிக்குகிறாள், தப்பி ஓடும்போது கார் விபத்தில் சாகிறாள். குழந்தையைப் பார்த்துக்கொண்ட பெண் இரண்டாவது மனைவியாகிறாள். தணிக்கையின் கத்தரி இல்லாமலே கதையின் கத்தரி வேலை செய்தது.

*

பட்ரீசியா மோரிசன் அந்த வெட்டோடு முடிந்துபோகவில்லை. 1948 டிசம்பர் 30 அன்று பிராட்வேயில் 'கிஸ் மீ, கேட்' என்ற இசைநாடகம் அரங்கேறியது. ஷேக்ஸ்பியரின் அடங்காத பெண்ணை அடக்கும் கதையை நடிக்கும் ஒரு நாடகக் குழு, அதன் நாயகியாகவும் முன்னாள் கணவனோடு மல்லுக்கு நிற்பவளாகவும் மோரிசன். பாட்டும் சண்டையுமாக மேடை அதிர்ந்தது. 1,077 காட்சிகள் ஓடியது. மோரிசன் 2018 மே மாதம் தன் 103ஆம் வயதில் காலமானார். நிக், யூடோ, நெட்டி மூவராகவும் நடித்தவர்கள் அவருக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். படத்தில் முதலில் சாகவேண்டியவர் எல்லோரையும்விட அதிகக் காலம் வாழ்ந்தார்.

மரியாவுக்கு அந்த வாய்ப்பு இல்லை. நான் இப்போது அந்தப் படத்தைப் பார்க்கும்போது லிஃப்ட் ஒவ்வொரு மாடியாக இறங்குவதைப் பார்த்துப் பதறுவதில்லை. அதே நேரத்தில் நகரத்தின் வேறொரு மூலையில், இரண்டு குழந்தைகளைத் தூங்கவைத்துவிட்டு, கிறிஸ்துமஸுக்கு என்ன செய்வது என்று தெரியாமல், அவன் வருவான் என்று விழித்திருக்கும் ஒருத்தியை நினைத்துக்கொள்கிறேன். மாணவிகளோடு இந்தப் படத்தைப் பார்க்க உட்காரும்போதும் முதலில் ஒரு கேள்வியைத்தான் வைக்கிறேன்: இந்த மனிதன் திருந்தி வீட்டுக்கு வருகிறான், சரி. அந்த வீட்டில் முன்பு இருந்தவள் எங்கே?